சாட்சிகளை எண்ணுவதா, எடைபோடுவதா?



இத்திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு தந்தையார் எழுதியது. அவருடைய மகனார் மருத்துவம் பயின்று ஆராய்ச்சித் துறையில் ஈடுபட்டிருக்கிறார். ஈராண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று மருத்துவ இதழில் வெளிவந்தது, குடும்பமே மகிழ்ந்தது. இப்போது பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, "உமது கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியுள்ளனர்?" என்று வினவினராம். மூன்றே பேர்! இதற்கிடையே தரகர் ஒருவர் வந்து, "பணம் தந்தால் அச்சேறவிருக்கும் பத்துக் கட்டுரைகளில் தம்பியின் பெயரைச் சேர்த்துவிடலாம், மேற்கோள் எண்ணிக்கை தானே ஏறும்" என்கிறாராம். "நிலத்தை அடகு வைத்தேனும் கொடுத்துவிடலாமா?" என்பது அத்தந்தையாரின் வினா.

பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பியுள்ள பல இல்லங்களுக்கும் இவ்வினா உரியது. ஆதலின் விரிவாகவே விடை காண்போம்.

மேற்கோள் என்பது யாது? ஓர் ஆய்வாளர் புதிய கட்டுரை எழுதுகையில், தமக்கு முன் உழைத்தவர்களின் எந்தெந்த முடிவுகளை ஆதாரமாகக் கொண்டார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் பட்டியலிட்டுக் காட்டுவார். அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்காத மரபில் வந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஒவ்வொரு மேற்கோளும், "இவருடைய பணி எனக்குப் பயன்பட்டது" என்று பின்வந்தவர் அளிக்கும் சாட்சியம் எனலாம்.

இச்சாட்சியங்களைப் பெரிய அளவில் தொகுத்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பணியாற்றிய யூஜீன் கார்ஃபீல்டு. 1960களில் அவர் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகவே பிறந்தது. நாளடைவில் அதுவே அளவுகோலாயிற்று. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதைக் காட்டும் 'தாக்கக் காரணி' வந்தது. 2005ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 'எச் குறியெண்' என்ற மற்றோர் அளவைத் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய குறியெண் பத்து.

இவ்வெண்களுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஆயினும் அம்மதிப்பின் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். மல்லசமுத்திரத்தாருக்குப் பருத்தி ஏலம் பழகிய காட்சி. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பி.டி. ரகத்திற்கு ஒரு விலை, கொட்டு ரகத்திற்கு ஒரு விலை என்று மூட்டைகள் ஏலம் போகின்றன. வியாபாரிகள் திரண்டு வந்த நாளில் விலை ஏறும். வராத நாளில் அதே பருத்தி மலிந்துபோகும். எனினும், பஞ்சின் இழை நீளம் அன்றைய கூட்டத்தைப் பொறுத்து மாறுவதுண்டோ? மேற்கோள் எண்ணிக்கையும் அத்தகையதே. இதற்கு நம் நாட்டிலேயே மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர் சம்புநாத் டே. எளிய குடும்பம். உதவித்தொகை பெற்று அவர் பயின்ற கல்லூரி ஹூக்ளி முஹ்சின் கல்லூரி. தம் பெருஞ்செல்வத்தை 1806ஆம் ஆண்டில் வக்ஃபு செய்த ஹாஜி முஹம்மது முஹ்சின் அவர்களின் அறநிதியிலிருந்து 1836இல் எழுந்தது அக்கல்லூரி. வள்ளல் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னும் அந்த அறம், இன மத பேதமின்றி ஓர் ஏழை மாணவருக்கு நிழல் தந்தது! அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற டே, பின்னர் இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் காலரா. ஊர் ஊராக உயிர்களை வாரிச் சென்ற அந்த வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை, ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்திருந்தார். அக்கிருமி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்பதும் அவருடைய கருத்து. ஆனால் எழுபதாண்டுகளுக்கு மேலாகியும் அந்நஞ்சை எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. பலரும் குருதியில் தேடிக்கொண்டிருக்க, டே குடலின் உள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி, காலரா நோயாளியின் பேதியை ஒத்த நீரால் நிரம்பி வீங்கியிருந்தது. இது 1953இல் வெளியான ஆய்வு. அடுத்து, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் சுரந்தது! உடலின் நீரைக் குடலுக்குள் இறைத்துவிடுவது கிருமி வெளியிடும் நஞ்சே என்பது விளங்கிற்று. 1959ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் ஏறத்தாழ இரண்டே பக்கங்களில் இதை அவர் வெளியிட்டார். நூலும் முயலும் வடிகட்டியும் கொண்டு செய்த ஆய்வு அது!

உலகம் உடனே எழுந்து நின்றதா? இல்லை. தொடக்க ஆண்டுகளில் அக்கட்டுரை போதிய கவனம் பெறவில்லை. டே 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றிய கருத்தரங்கிற்கு அவரை அழைத்தபோது, 1960களிலேயே இறந்துபோன தம்மை இக்கருத்தரங்கு தோண்டியெடுத்துவிட்டதாக அவர் கூறினாராம். நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அவருடைய பெயரை அப்பரிசுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். தாயகத்தின் அறிவியல் கழகங்களோ அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, மேற்கோள்களை எண்ணும் கலையை நிறுவிய அதே கார்ஃபீல்டு, டேயின் பணியைத் தனிக் கட்டுரையாக ஆராய்ந்து, முதலில் கவனிக்கப்படாத அந்த 1959ஆம் ஆண்டுக் கட்டுரை காலரா ஆராய்ச்சியின் மைல்கல்லாக மதிக்கப்படுவதை எடுத்துரைத்தார். சாட்சிகள் வந்தனர், ஆனால் தாமதமாக வந்தனர்.

எண்ணிக்கையில் சேராத சாட்சிகளும் உண்டு. நோயாளியைக் கொல்வது நீரிழப்பே என்னும் அறிவைப் பல நாட்டு ஆய்வாளர்கள் வளர்த்தனர். 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வுகள், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே புகட்டினாலே இழப்பை ஈடுசெய்யலாம் என்று காட்டின. 1971இல் வங்கதேச அகதிகள் திரண்டிருந்த போங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு 3.6ஆகக் குறைந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிச் சென்று, பேதியால் துவண்ட குழந்தைக்குக் கரைத்துப் புகட்டும் தாய் எந்த ஆய்விதழையும் மேற்கோள் காட்டுவதில்லை. பிழைத்தெழும் குழந்தை எந்த அட்டவணையிலும் பதிவாவதில்லை!

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். 1998இல் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் சிலரும், பன்னிரண்டே குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் மதியிறுக்கக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனும் ஐயத்தைக் கிளப்பினர். 2010இல் அவ்விதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டது. அக்கட்டுரை பெற்ற மேற்கோள்களோ ஆயிரத்திற்கும் மேல்! பெரும்பாலானவை அதை மறுக்க எழுந்தவை. எண்ணிக்கை மட்டும் பேசினால் இவரல்லவா பெரிய ஆராய்ச்சியாளர்? இக்குறையை உணர்ந்தே, 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியல் இதழாசிரியர்களும் பதிப்பாளரும், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரின் தகுதியை அளக்கலாகாது என்று பிரகடனம் வகுத்தனர்.

ஆகவே, மல்லசமுத்திரத்துப் பெரியவரே, தரகருக்கு ஒரு காசும் தரவேண்டாம். செய்யாத ஆய்வில் பெயர் சேர்ப்பது பொய்ச்சாட்சி. மருத்துவத்தில் அப்பொய் தாளோடு நில்லாது. அதை நம்பி மருந்தெழுதும் மருத்துவர் வழியே யாரோ ஒரு நோயாளியின் உடலைச் சென்றடையும். நோயாளிகள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது. தவிரவும், விலைக்கு வாங்கிய கட்டுரைகள் இன்று கண்டறியப்பட்டுத் திரும்பப் பெறப்படுகின்றன. அவ்வறிவிப்பு, சேர்த்த பெயரோடு என்றும் நிலைத்திருக்கும். நிலமும் போய், பெயரும் போகும்.

மகனார் செய்யத்தக்கவை உண்டு. தம் பெயரில் வேறு பலர் எழுதக்கூடும். ஆதலால் ஆய்வாளர்களுக்கு விலையின்றி வழங்கப்படும் 'ஆர்கிட்' எண்ணைப் பெற்றுக் கட்டுரைகளை அதில் பதிந்துகொள்ளட்டும். அடுத்த கட்டுரையை அனுப்புமுன், அவ்விதழ் 'மெட்லைன்' போன்ற நம்பத்தக்க அட்டவணையில் உள்ளதா என்று கல்லூரி நூலகரிடம் கேட்டறியட்டும். விண்ணப்பத்தில் வெறும் எண்ணைத் தராமல், எதைக் கண்டறிந்தோம், அதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்பதையும் சில வரிகளில் எழுதட்டும். மேற்கோள் காட்டிய அம்மூவரும் யாவர் என்று பார்த்து, அவர்களுக்கு மடல் எழுதட்டும். தம் பணியைத் தாமாகவே தேடிப் படித்த மூவர், விலைக்கு வந்த முந்நூறு பேரினும் மேலானவர் அல்லரோ?

பெற்றோர்களே! பிள்ளைகளிடம் "எத்தனை?" என்று கேட்குமுன் "எதைக் கண்டாய்?" என்று கேளுங்கள். அடகு வைக்காத நிலமும் வளைந்துகொடுக்காத நேர்மையும் அவர்களுக்குத் துணை நிற்கும். பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போகலாம், போகட்டும்.