கையெழுத்துக்கு வழி சொல்லும் எந்திரம்

ஒரு ஜவுளிக் கம்பெனி. அங்கே ஒரு மின்விசிறி நின்று விட்டது. குமாஸ்தா தன் சட்டைப் பையில் இருந்து 800 ரூபாய் போட்டுப் பழுது பார்த்தார். ரசீதை வாங்கி மானேஜர் மேஜையில் வைத்தார்.

மானேஜர் ஊரில் இல்லை!

"மானேஜர் கையெழுத்து இல்லாமல் காசு தர மாட்டேன்" என்றார், கணக்குப்பிள்ளை. மாதம் முடிந்தது. பணம் வரவில்லை. குமாஸ்தா வீட்டில் பால்காரருக்குப் பாக்கி நின்றது.

இது நாம் கற்பனையாகச் சொல்லும் கதைதான். ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்கள் ஆபீசிலும் இதே கதைதான்" என்பார்கள்.

வாயால் சொன்னால் போதும்

இப்போது பல கம்பெனிகளில் இந்தக் கையெழுத்து வேலை கம்ப்யூட்டருக்குப் போய் விட்டது. ரசீதைப் படம் பிடித்து அனுப்பினால், அது மானேஜரின் செல்போனுக்குப் போகிறது. அவர் "சரி" என்று அழுத்தினால், கணக்குப்பிள்ளையிடம் போகிறது.

இப்படி ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்க, முன்பு கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேண்டும். இன்று 'ஏ.ஐ.' என்னும் செயற்கை நுண்ணறிவு அந்த வேலையைச் செய்கிறது. 2022-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி, தனது 'பவர் ஆட்டோமேட்' என்ற சாதனத்தில் இந்த வசதியைக் கொண்டு வந்தது.

"5 ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் மானேஜர் சம்மதம் போதும். அதற்கு மேல் போனால் முதலாளியும் பார்க்க வேண்டும்."

இப்படிப் பேச்சு வழக்கில் சொன்னால் போதும். எது வந்தால் வேலை தொடங்க வேண்டும், யாரிடம் போக வேண்டும், எந்தத் தொகையில் வழி பிரிய வேண்டும் என்று எந்திரம் பிரித்து எடுக்கிறது. படிப்படியாகப் பாதை போட்டுக் காட்டுகிறது.

இது நல்ல காரியம்தான். வேலை தெரிந்தவர், கம்ப்யூட்டர் மொழி தெரியாதவராக இருந்தாலும், தன் ஆபீசுக்குத் தானே வழி வகுக்கலாம்.

சொல்லாமல் விட்டது என்ன?

ஆனால் மேலே சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்.

மானேஜர் ஊரில் இல்லாவிட்டால் யார் பார்ப்பது? மானேஜரே செலவு செய்தால், அவர் ரசீதுக்கு அவரே "சரி" சொல்லலாமா? 8 ஆயிரம் ரூபாய்ச் செலவை 4 ஆயிரம், 4 ஆயிரம் என்று இரண்டு ரசீதாக யாராவது வெட்டினால்?

இதில் ஒன்றைக்கூட நாம் சொல்லவில்லை. சொல்லாததை எந்திரம் விட்டு விடலாம். அல்லது தானாக ஊகித்துப் போட்டு விடலாம். இரண்டுமே ஆபத்து. ஏன் என்றால், கம்ப்யூட்டரில் வந்து விட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நம்பி விடுகிறோம்.

மூன்று பேர் பார்த்தும்...

அமெரிக்காவில் சிட்டி பாங்கில் நடந்ததைக் கேளுங்கள். 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ரெவ்லான் என்ற அழகுப் பொருள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டும். அனுப்பியதோ சுமார் 90 கோடி டாலர்!

அந்தப் பாங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரி பார்க்க, மூன்றாவது ஆள் அனுமதி தர வேண்டும். மூன்று பேரும் பார்த்தார்கள். அசல் தொகை பாங்கிலேயே தங்குவதற்குக் கம்ப்யூட்டர் திரையில் மூன்று கட்டங்களில் குறி போட வேண்டும். ஒரு கட்டத்தில்தான் போட்டார்கள். அது போதும் என்று மூவருமே நினைத்து விட்டார்கள்.

சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021-ல் கோர்ட்டில் பாங்கு தோற்றது. 2022-ல் மேல் கோர்ட்டில்தான் வென்றது.

இது ஏ.ஐ. செய்த தவறு அல்ல. மனிதர்கள் செய்த தவறு. ஆனால் பாடம் ஒன்றுதான். எத்தனை பேர் "சரி" என்று அழுத்தினார்கள் என்பது காவல் அல்ல. எதற்கு அழுத்துகிறோம் என்று புரிந்து அழுத்துவதுதான் காவல்.

யாரைக் கேட்க வேண்டும்?

ஆகவே முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. எந்திரத்திடம் பேசும் முன், உங்கள் ஆட்களிடம் பேசுங்கள். எந்திரம் போட்ட பாதையை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். நாலைந்து பொய் ரசீதுகளை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். அதன் பிறகு உண்மைப் பணத்தை அதில் விடுங்கள். தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். "கம்ப்யூட்டர் செய்து விட்டது" என்று கை கழுவக் கூடாது.

"மானேஜர் ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்ற கேள்வி முதலாளிக்குத் தோன்றாது. எந்திரத்துக்கும் தோன்றாமல் போகலாம். 800 ரூபாய்க்கு ஒரு மாதம் காத்துக் கிடந்த அந்தக் குமாஸ்தாவுக்குத் தோன்றும்.

முதலில் அவரைக் கேளுங்கள்!