தொட்டிலருகே தமிழ் ஒலிக்க வேண்டும்

குறைமாதத்திற் பிறந்த மகவு தீவிர சிகிச்சைப் பிரிவிலே உயிருக்குப் போராடுகிறது. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்த தந்தை வாயிலில் நிற்கிறார். மருத்துவர் கூறுவது அவருக்கு விளங்காவிடின் அத்துயருக்கு அளவேது?

பெற்றோரை வெளியே நிறுத்துவதே நியதி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1.8 கிலோவுக்குக் குறைந்த சிசுவை, நிலை தேறும்வரை காத்திராது, பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தால் இறப்பு நான்கிலொரு பங்கு குறையுமென இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டிற்று. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதனை ஏற்று, பெற்றோரையும் பராமரிப்பிற் சேர்க்குமாறு பரிந்துரைத்தது.

அணைக்கும் முறையையும் ஆபத்தின் அறிகுறியையும் தமிழ்த் தாய்க்கு எம்மொழியிற் சொல்வது? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலருடன் தமிழிற் பேசும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் கொழும்பிலும் அளிக்கிறது. ஏட்டிலுள்ள இவ்வுரிமை தொட்டிலருகே வரவேண்டாமா?

சிசுப் பிரிவு ஒவ்வொன்றிலும் இரவும் பகலும் தமிழறிந்த தாதியொருவர். தமிழில் அச்சிட்ட அறிவுரை. தொலைவிலிருந்து வரும் தாய் தங்க ஓரிடம். நாம் கேட்பவை இவ்வளவே. சுகாதார அமைச்சு இனியும் தாமதித்தல் தகாது.