கேட்பது இழிவன்று

முதுகலைத் தமிழ் முடித்து விடைபெறும் மாணவரிடம், "அடுத்து என்ன?" என்று வினவினால், "ஆய்வு செய்ய ஆசைதான் ஐயா, வீட்டில் வசதியில்லை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. வசதியில்லை என்பது உண்மை. ஆனால் வழியும் இல்லை என்று எண்ணிவிடுவது உண்மையன்று.

சிறுபான்மைச் சமுதாய ஆய்வு மாணவர்க்கென 2009ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23 முதல் புதியவர்க்கு இல்லை என அறிவிக்கப்பட்டது. அது நமக்கு நேர்ந்த இழப்பே. அத்திட்டம் மீண்டும் வரவேண்டுமெனக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. எனினும், மூடிய கதவின் முன் நின்றுகொண்டே திறந்திருக்கும் கதவை மறந்துவிடலாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை இன்றும் அனைவர்க்கும் பொதுவாக உள்ளது. 2023 சனவரி முதல் அதன் அளவு முதல் ஈராண்டுகளுக்குத் திங்கள்தோறும் 37,000 ரூபாய். அதன்பின் 42,000 ரூபாய்.

அதற்குரிய நெட் தேர்வை முதுகலை இறுதியாண்டில் பயிலும்போதே எழுதலாம். மூன்று மணி நேரம், இரு தாள்கள், 300 மதிப்பெண். தமிழ்த்தாளில் நம் மாணவர் தயங்குவதில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வினாக்கள் அமையும் முதல் தாளே அவர்களை அச்சுறுத்துகிறது. அந்த 50 வினாக்களுக்கு ஓராண்டு முறையாகப் பயிற்சி அளித்தால் அச்சம் தானே அகலும்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் நிலையை இங்குச் சொல்லியாக வேண்டும். அவளிடம் மாநில அரசின் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' சான்றிதழ் இருந்தது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று காட்டும் தனிச் சான்றிதழ் பெறவேண்டும் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கடைசி நாளில் பொதுப்பிரிவினள் எனக் குறித்து விண்ணப்பித்தாள். முடிவு வெளியானபோது, தன் பிரிவுக்குரிய மதிப்பெண்ணைக் கடந்திருந்தும் உதவித்தொகையை இழந்திருந்தாள். அவள் அறிவில் குறையில்லை. ஒரு தாள் குறைந்தது. அதனைச் சொல்ல வேண்டிய நாங்கள் சொல்லத் தவறினோம்.

வேறொரு தயக்கமும் உண்டு. உதவித்தொகை என்றதும் கையேந்துதல் என்று கருதும் நல்ல குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஜகாத் ஏழையின் உரிமை. அதைப் பெறுவதிலேயே இழிவில்லை. ஆய்வு உதவித்தொகையோ ஏழ்மைக்குத் தரப்படுவதன்று, தகுதிக்குத் தரப்படுவது. செய்யவிருக்கும் பணிக்கு நாடு அளிக்கும் ஊதியம் அது. அதைக் கேட்க நாணுவானேன்?

பணிக்கும் பஞ்சமில்லை. 1572இல் அரங்கேறிய 'ஆயிர மசலா' தொட்டு, 'சீறாப்புராணம்' ஊடாக, அரபுத்தமிழ் ஏடுகள் வரை நம் கண்ணெதிரே பெருஞ்செல்வம் கிடக்கிறது. பழைய வீடுகளின் பெட்டிகளில் செல்லரித்துக் கொண்டிருக்கும் ஏடுகளைப் படித்துப் பதிப்பிக்க ஐந்தாண்டுக் காலம் கவலையின்றி அமரும் ஓர் ஆய்வாளன் வேண்டும். அவனுக்கு அந்த அமைதியைத் தருவதே உதவித்தொகை.

ஆகவே, துறைதோறும் ஓர் ஆசிரியர் இப்பணிக்கெனப் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். சமுதாயப் பெரியோர், பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைப் பயிற்சி நூல்களுக்கும் விண்ணப்பக் கட்டணத்திற்கும் ஒதுக்குதல் நலம். பெண்மக்களின் ஆய்வுக் கனவைத் திருமணப் பேச்சோடு முடித்துவிடாதிருக்கவும் வேண்டுகிறேன்.

மாணவச் செல்வங்களே! விண்ணப்பித்துத் தோற்றவர் மறுமுறை எழுதலாம். விண்ணப்பிக்காதவர்க்கு மறுமுறை என்பதே இல்லை.