தடம் தெரியும் இறைச்சிக்கு யார் விலை கொடுப்பது?

சனிக்கிழமை காலைச் சந்தை. ஓர் இல்லத்தரசி இரண்டு வகைக் கோழிகளுக்கு முன்னால் நின்று யோசிக்கிறார். ஒரு பக்கம் சாதாரணப் பண்ணைக்கோழி. மறுபக்கம் ‘கம்பத்துக் கோழி’ என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் விலை ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டும் இறகு நீக்கப்பட்டுப் பனிக்கட்டியின்மேல் கிடக்கின்றன.

“எந்தக் கம்பத்துல இருந்து வந்தது, அண்ணே?” என்று கேட்கிறார்.

“நல்ல கோழிதான்கா, நம்பி வாங்குங்க,” என்கிறார் வியாபாரி.

கேட்ட கேள்விக்கு அது விடையன்று. இருந்தாலும் அவர் வாங்கிச் செல்கிறார். அவர் கூடுதலாகக் கொடுத்த பணம் கோழிக்கா, வியாபாரியின் சொல்லுக்கா?

ஓர் இறைச்சித் துண்டு எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எங்கு அறுக்கப்பட்டது, யார் கைவழியாகக் கடைக்கு வந்தது என்பதைப் பின்னோக்கிச் சென்று கண்டறிய முடிந்தால், அது தடம் அறியக்கூடிய இறைச்சி. இத்தகைய இறைச்சிக்குக் கூடுதல் விலை கொடுப்பீர்களா என்று கேட்டால், பயனீட்டாளர்களில் பலர் தயங்காமல் “ஆம்” என்பார்கள். அதே மனிதர்கள் கடையில் நிற்கும்போது விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு மலிவானதை எடுத்துக் கூடையில் போடுவதும் உண்டு. இதை வேடம் என்று சொல்லிவிட முடியாது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது பணப்பை மூடியிருக்கிறது. கடையில் அது திறந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இடைவெளியைத் தாண்டி உண்மையை அறிய, அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிக்கின்சன், டீவான் பெய்லி என்னும் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். 2002இல் வெளியான அவர்களின் ஆய்வில், பங்கேற்றோருக்குச் சாதாரண இறைச்சி வைத்த சான்விச் கொடுக்கப்பட்டது. அதைத் தடம் அறியக்கூடிய இறைச்சி வைத்த சான்விச்சாக மாற்றிக்கொள்ள எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஏல முறையில் கேட்கப்பட்டது. ஏலத்தில் வென்றவர் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பங்கேற்றோர் தடம் அறிவதற்காகப் பணம் கொடுக்க முன்வந்தனர். ஆனால், உணவுப் பாதுகாப்புக்கான கூடுதல் உறுதி, விலங்கைக் கருணையோடு நடத்தியதற்கான உறுதி ஆகியவற்றுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்க முன்வந்தனர்.

இந்த முடிவு சிந்திக்கத்தக்கது. மக்களுக்கு வேண்டியது பண்ணையின் முகவரியன்று. அந்த முகவரி இருப்பதால் கிடைக்கும் நிம்மதியே அவர்களுக்கு வேண்டும். நிம்மதி தராத முகவரிக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

ஜப்பானின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2001 செப்டம்பரில் அங்கு முதன்முறையாக ஒரு மாட்டிடம் பித்த மாட்டு நோய் கண்டறியப்பட்டது. மாட்டிறைச்சி விற்பனை சரிந்தது. மறு ஆண்டு இன்னோர் அதிர்ச்சி: இறக்குமதி இறைச்சியை உள்நாட்டு இறைச்சி என்று சீட்டு மாற்றி, அரசாங்கத்தின் உதவித்தொகையைப் பெற முயன்ற ஏமாற்று வேலை அம்பலமானது. 2003இல் அந்நாடு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. அது காதில் மாட்டிய வில்லையில் தொடங்கி, கடையில் விற்கும் பொட்டலம் வரை உடன் வருகிறது. வாங்குபவர் அந்த எண்ணைக் கணினியில் இட்டால், மாடு பிறந்த நாள், இனம், வளர்ந்த இடம் எல்லாம் தெரியும். அறுக்கும் இடத்திலேயே மரபணு மாதிரி எடுத்து வைக்கப்படுகிறது. கடையில் உள்ள இறைச்சி உண்மையில் அந்த எண்ணுக்குரிய மாட்டினுடையதா என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொய் சொல்பவர் பிடிபடுவார் என்ற நிலை இருப்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது.

மலேசியாவில் 2020 டிசம்பரில் வெளிவந்த செய்தியை இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஜொகூரில் உள்ள ஒரு கிடங்கில் அதிகாரிகள் சோதனை நடத்தி, ஏறத்தாழ 1,500 டன் உறைந்த இறைச்சியைப் பறிமுதல் செய்தனர். இறக்குமதியான இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை இட்டு மறுபடியும் பொட்டலமிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அது ஏமாற்றத்தோடு நிற்கும் செய்தியாக இருக்கவில்லை. சமய நம்பிக்கையையே தொட்ட காயமாக இருந்தது. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக் குடும்பங்களும் பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகின்றன. முத்திரை இருந்தது, தடம் இல்லை. முத்திரையை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர் இருமுறை ஏமாந்தார்.

அப்படியென்றால், தடம் அறியும் வசதியைக் கூடுதல் விலைக்கு விற்கும் தனிச் சரக்காக விட்டுவிடலாமா? பேரங்காடியில் ஒரு மூலையில் அழகிய பொட்டலங்கள், விரைவுக் குறியீடு, பண்ணையாளரின் புன்னகைப் படம். வாங்க முடிந்தவர்களுக்கு நிம்மதி. மற்றவர்களுக்கு? இங்குதான் இந்த யோசனை தவறான பாதையில் செல்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். 2022 ஜூலையில் கோழியின் உச்சவரம்பு விலை கிலோவுக்கு 9 ரிங்கிட் 40 சென் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலையில் இரண்டு கிலோ கோழி 18 ரிங்கிட் 80 சென். தடம் அறிவதற்காகப் பத்து விழுக்காடு கூட்டினால், ஒரு கோழிக்கு 1 ரிங்கிட் 88 சென் அதிகம். வாரம் இரண்டு கோழி வாங்கும் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 15 ரிங்கிட். வசதியுள்ளவருக்கு இது ஒரு வேளைச் சிற்றுண்டி. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு பேருக்குச் சமைப்பவருக்கு, அது பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பங்கு. கெட்டுப்போன கோழி வீட்டுக்கு வந்தால், அதன் விளைவு இரு வீட்டிலும் ஒன்றுதான்.

கூடுதல் விலைச் சீட்டு இல்லாமலேயே தடம் சாத்தியம் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் முட்டையின் ஓட்டில் பண்ணையின் குறியீடு அச்சிடப்படுகிறது. 2021 மார்ச்சில் சிலாங்கூர் பண்ணை ஒன்றின் முட்டைகளில் சால்மொனெல்லா கிருமி இருப்பதைக் கண்ட சிங்கப்பூர் உணவு அமைப்பு, அந்தப் பண்ணையின் முட்டைகளை மட்டும் திரும்பப் பெற உத்தரவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் ஓட்டைப் பார்த்துத் தங்களுடையதா என்று தெரிந்துகொண்டார்கள். மற்றப் பண்ணைகளின் முட்டைகளைக் குப்பையில் போட வேண்டிய தேவை எழவில்லை. ஏழை வாங்கும் முட்டையிலும் அதே அச்சு. பணக்காரர் வாங்கும் முட்டையிலும் அதே அச்சு. பண்ணையாளருக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. யாரோ ஒருவர் செய்த தவற்றுக்கு எல்லாரும் விற்பனையை இழக்க வேண்டியதில்லை.

சிறு பண்ணையாளர்கள் செலவைத் தாங்க மாட்டார்கள் என்பது ஒதுக்கிவிட முடியாத மறுப்பு. மாட்டைப் போல ஒவ்வொரு கோழிக்கும் எண் கொடுப்பது நடக்காத காரியம். கோழி வளர்வதே ஏறத்தாழ 35 முதல் 42 நாள்கள்தான். ஆனால், ஒரே கொட்டகையில் ஒன்றாக வளர்ந்து ஒன்றாக விற்பனைக்குச் செல்லும் கோழிகளை ஒரு தொகுதியாகக் கொண்டு, அந்தத் தொகுதிக்கு ஓர் எண் தரலாம். நல்ல பண்ணை நடைமுறைக்கான மைகேப் சான்றிதழ் இப்போது விரும்பியவர் மட்டும் பெறுவதாக உள்ளது. அதைப் பெறும் சிறு பண்ணையாளருக்குப் பதிவுச் செலவில் உதவலாம். அடிப்படைத் தடம் எல்லா இறைச்சிக்கும் கட்டாயம் என்றான பிறகு, நாட்டுக்கோழி, மருந்தில்லாத் தீவனம் போன்ற கூடுதல் சிறப்புகளுக்கு யார் வேண்டுமானாலும் கூடுதல் விலை கேட்கட்டும். அப்போது அந்த விலைக்கு ஆதாரம் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் அந்த இல்லத்தரசி அதே கடைக்கு வருவார். “எந்தக் கம்பம்?” என்று மறுபடியும் கேட்பார். அன்று வியாபாரி கோழியின் காலில் கட்டிய சீட்டைத் திருப்பிக் காட்ட முடிந்தால், இரு மடங்கு விலை கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.