டெல்லியின் பத்து மீட்டரும் கோவளத்தின் கரையும்

மெரினா மணலில் மூங்கில் குடைகள் நட்டாயிற்று. திருவான்மியூர், பாலவாக்கம், உத்தண்டி என்று, நீலக்கொடி என்ற சர்வதேசத் தரச் சான்றுக்கான கடற்கரைகளின் பட்டியல் நீள்கிறது. எதிர்த்துக் கேட்கும் மீனவர்களிடம் அதிகாரிகள் சுட்டிக்காட்டும் ஊர் கோவளம். 2021 செப்டம்பரில் தமிழகத்தில் முதலாவதாக நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அதுதான். டெல்லியில் சுற்றுலா வளர்ச்சி பற்றிப் பேசுகிறவர்களுக்கும் கோவளம் பிடித்த உதாரணம்: ஒரு சின்ன மீனவ ஊர் அலைச்சறுக்குத் தலமாக மாறியது, இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, வெளிநாட்டார் வந்தார்கள். இதையே கடற்கரை முழுக்கச் செய்யலாமே என்கிறார்கள்.

செய்யலாம்தான். ஆனால், கோவளத்தில் இதைச் செய்தது யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சுற்றுலா அமைச்சகம் செய்யவில்லை, சுற்றுச்சூழல் அமைச்சகமும் செய்யவில்லை. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் செய்தார். யாரும் கற்றுக்கொடுக்காமல் மரப்பலகையில் அலையேறப் பழகியவர் அவர். சென்னைத் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் ஊரிலேயே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது அங்கே சேரும் பையன்களுக்கு விதி. கடற்கரை ஊர்களின் குடும்பங்களைக் குடி என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை புரியும். அடுத்த ஆண்டே கோவளத்தில் அலைச்சறுக்கு விழா நடந்தது. நீலக்கொடி வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

இன்று இந்திய அலைச்சறுக்குப் போட்டிகளின் முன்வரிசையில் தமிழக மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் நிற்கிறார்கள். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைப் பற்றிய குறும்படம் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெறுகிறது. அதற்கான ஆட்களில் பலரை உருவாக்கியவை நம் மீனவக் குப்பங்கள்.

ஏன் அங்கிருந்து? இந்த விளையாட்டின் பாதி, அலையைப் படிப்பதில் இருக்கிறது. ஃபைபர் படகை இறக்கும் மீனவர் கரையில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதுபோலத் தெரியும். அடுக்கடுக்காக வரும் பெரிய அலைகளைக் கடந்துபோக விட்டு, நடுவில் ஓர் இளைப்பு கிடைக்கும் அந்தக் கணத்தில் படகைத் தள்ளுவார். தவறினால் படகு கவிழும், எஞ்சின் போகும், சில நேரம் ஆளும் போவார். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று நீரோட்டத்துக்குப் பெயர் வைத்துப் பிரித்தறியும் சமூகத்தில் பிறந்த பையனுக்கு இந்தப் படிப்பு பத்து வயதுக்குள் வந்துவிடுகிறது. பலகை மட்டும்தான் அவனுக்குப் புதிது.

அந்தப் படிப்பு நடக்கும் பள்ளிக்கூடம் கரை. விடியற்காலையில் படகு ஏறும் மணல்தான் ஏலம் நடக்கும் இடம். சற்று மேலே ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதி. அதற்கும் மேலே வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், புயல் நாளில் படகுகளை ஏற்றிவைக்கும் மேடு. இதற்கெல்லாம் பட்டா கிடையாது. வருவாய்த் துறை ஏட்டில் பெரும்பாலும் இது புறம்போக்கு. எந்த இடம் யாருடைய புழக்கத்துக்கு என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. தெரியாத இடத்தைக் காலி இடம் என்று எழுதிக்கொள்வது அரசுக்குச் சுலபம்.

இங்கேதான் டெல்லி வருகிறது. கடற்கரையை டெல்லி எப்படி அளந்துவந்திருக்கிறது என்று பாருங்கள். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்பாதீர்கள் என்றார். 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை அந்த 500 மீட்டரை வைத்துக்கொண்டு, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரை வளர்ச்சிப் பணிகள் தடைசெய்யப்பட்ட பகுதி ஆக்கியது. பிறகு திருத்தம் மேல் திருத்தம். 2019 ஜனவரி அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளுக்கு 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை, கல் பதித்த நடைபாதை போன்ற ‘தற்காலிக’ சுற்றுலா வசதிகளுக்கோ வெறும் 10 மீட்டர் போதும் என்றாகிவிட்டது. 2020 ஜனவரியில் நீலக்கொடிக் கடற்கரைகளுக்கென்று தனியாகவும் அதே 10 மீட்டர் உறுதிசெய்யப்பட்டது. 500இலிருந்து 10. நாற்பது ஆண்டுகளில் கடலோரப் பாதுகாப்பு என்ற சொல்லின் அளவு இவ்வளவுதான் மிஞ்சியது.

‘நெருக்கம் மிகுந்த’ என்பதற்கு அந்த அறிவிக்கை வைத்திருக்கும் கணக்கையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசித்தால் அது நெருக்கமான ஊர். மீனவக் குப்பங்கள் நெருக்கமாக இல்லாமல் வேறு எது இருக்கும்? கடலை விட்டு விலகிப் போக முடியாததால் நெருங்கி வாழ்கிற மக்களுடைய அந்த நெருக்கத்தையே காரணம் காட்டி, அவர்கள் ஊர்க் கரையின் பாதுகாப்பு 150 மீட்டர் குறைக்கப்பட்டிருக்கிறது.

இந்த 10 மீட்டரை 2005ஆம் ஆண்டின் 200 மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் இந்த விவாதத்துக்குள் வரக் கூடாது. சுனாமி அடித்து மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை 172ஐ வெளியிட்டது. அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு. போக மாட்டோம் என்றால் இருந்துகொள்ளலாம், ஆனால் வீட்டைச் சீர்செய்ய அரசு உதவி கிடைக்காது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மக்களிடம், உங்கள் உயிர்ப் பாதுகாப்புக்காகச் சொல்கிறோம் என்றார்கள். நம்பிப் போனவர்கள் பலர். இன்று அதே கரையில் சுற்றுலாப் பயணி அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டரில் சாய்வு நாற்காலியில் படுக்கலாம். சுனாமி மீனவருக்கு மட்டும்தான் வருமா? கடல் பொங்கினால் பயணியை விட்டுவிட்டு மீனவர் வீட்டை மட்டும் தேடிப் போகுமா? மீனவருக்கு 200, பயணிக்கு 10 என்று அளந்த அரசுகள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதுதான் நடந்தது. பொத்துவில் அருகே உள்ள அறுகம்குடா உலக அலைச்சறுக்கு வரைபடத்தில் இருக்கும் மீனவ ஊர். சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீட்டர் தடைவலயம் அறிவித்து மீனவர்கள் குடிசை போடுவதைத் தடுத்தார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு கிடைத்தது.

கடற்கரை எல்லோருக்கும் பொது, மீனவர் மட்டும் சொந்தம் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நகரவாசிக்கு அது மாலை நேரப் பொழுது. மீனவருக்கு அது தொழிற்கூடம். வேறு யாருடைய தொழிற்கூடத்திலும் போய் நின்று இது பொதுச் சொத்து என்று யாரும் சொல்வதில்லை. சுற்றுலா வந்தால் வேலை வருமே என்பது அடுத்த வாதம். படகுச் சொந்தக்காரர் விடுதிக் காவலாளி ஆவதற்குப் பெயர் முன்னேற்றம் இல்லை. சுத்தமான கரை வேண்டாமா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலரும் கேட்கிறார்கள். கடற்கரையைக் குப்பையாக்கியது வலை உலர்த்தியவர் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் கழிவைத் திறந்துவிட்டவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

நீலக்கொடிக்கு 33 அளவுகோல்கள் இருக்கின்றன. கொடியை வழங்குவது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இயங்கும் ஓர் அறக்கட்டளை. இந்தியாவில் இதை நடத்துவது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஓர் அமைப்பு. குளிக்கும் நீரின் தரம், குப்பைத் தொட்டி, உயிர்காப்பாளர், கழிப்பறை, தகவல் பலகை என்று எல்லாம் அதில் உண்டு. அங்கே காலங்காலமாகத் தொழில் செய்யும் மீனவரின் உரிமை என்று ஓர் அளவுகோல் கிடையாது. அதனால்தான் நீலக்கொடி வருகிறது என்றாலே குப்பங்கள் பதறுகின்றன. 2023 ஏப்ரலில் சென்னை நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றியபோது பெண்கள் சாலையில் மீனைக் கொட்டிப் போராடியது யாருக்கும் மறந்திருக்காது. கரையில் முதலில் அழகு வரும், பிறகு அழகுக்கு இடைஞ்சல் என்று மீன் கூடை போகும். இது அவர்களுக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், பசிபிக் கடலில் ஓர் ஊரைக் காட்டலாம். எரிமலைத் தீவான தஹித்தியில் சாலை முடியும் இடத்தில் இருக்கிறது தேயாஹுபோ என்ற மீனவ ஊர். பவளப் பாறையில் மோதி எழும் அதன் அலை உலகின் மிக ஆபத்தான அலைகளில் ஒன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டியை, பாரிஸிலிருந்து ஏறத்தாழ 15,700 கிலோமீட்டர் தள்ளி, அங்கே நடத்த முடிவு செய்தார்கள். நடுவர்கள் உட்காருவதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு மரக் கோபுரம் இருந்தது. உலகப் போட்டிகளுக்குப் பயன்பட்ட கோபுரம். ஒலிம்பிக்குக்கு அது போதாது, பவளப் பாறையில் துளையிட்டு 14 டன் எடையில் அலுமினியக் கோபுரம் எழுப்புவோம் என்றார்கள் அமைப்பாளர்கள்.

ஊர் எழுந்தது. மீனவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் ஒன்றாக நின்றார்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். பவளம் செத்தால் மீன் போகும், கடற்படுகை மாறினால் அலையும் போகும் என்றார்கள். 2023 அக்டோபரில் ஊர்வலம் போனார்கள். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அமைப்பாளர்கள் இறங்கிவந்தார்கள்: 14 டன் 9 டன் ஆனது, நாற்பது பேர் நிற்கும் கோபுரம் இருபத்தைந்து பேருக்கானதாகச் சுருங்கியது. டிசம்பர் 1 அன்று சோதனைக்குப் போன மிதவை பவளத்தை உடைத்தபோது, வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கோபுரம் கடைசியில் எழும்பிவிட்டது என்பது உண்மை. ஆனால், ஒலிம்பிக் என்ற பெரும் பூதத்தைத் தன் அளவுக்கு வளைத்தது அந்தச் சிற்றூர். வீரர்கள் தங்கக் கரையில் பெரிய விடுதி எழவில்லை. ஒரு கப்பலில் தங்கவைத்தார்கள். ஆண்கள் பிரிவுத் தங்கத்தை வென்றவர் அதே தஹித்தியில் வளர்ந்த கௌலி வாஸ்ட்.

அந்த ஊருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? தேயாஹுபோவின் கடலில் ஒரு பகுதிக்கு 2014 முதல் ‘ராஹுய்’ நடப்பில் இருக்கிறது. பாலினேசிய மக்களின் பழைய வழக்கம் அது: இங்கே இனி மீன் பிடிப்பதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்து விலக்கி வைப்பது. அந்த வழக்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்து, ஊர்க் குழுவின் கையில் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். சட்டம் கூப்பிட்டு உட்காரவைத்த ஊரோடு ஒலிம்பிக் குழுவும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. எந்த நாளில் எந்த வலையைக் கடலில் விடக் கூடாது என்று முடிவெடுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகள் நம் கரையிலும் இருக்கின்றன. அவற்றைச் சட்டம் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

கூப்பிடுவதற்கு டெல்லிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 2009இல் எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு, காட்டில் வாழ்வோருக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்ததுபோலக் கடலோர மீனவர்களுக்கும் உரிமைச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாரம்பரிய மீனவர் உரிமைப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்ட வரைவும் தயாரானது. அந்த வரைவு சட்டமாகவே இல்லை. அதற்குப் பின் 2011, 2019 என்று கடற்கரை அறிவிக்கைகள் புதிது புதிதாக வந்தன. தொழில்களுக்கும் சுற்றுலாவுக்கும் திருத்தங்கள் வந்தன. மீனவர் சட்டத்தை எடுத்துத் தூசு தட்ட மட்டும் டெல்லியில் எந்தச் சுற்றுச்சூழல் அமைச்சருக்கும் நேரம் வாய்க்கவில்லை. காங்கிரஸ் ஆட்சியும் இதைச் செய்யவில்லை, பாஜக ஆட்சியும் செய்யவில்லை.

2019 அறிவிக்கையிலேயே, கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவ ஊர்களும் அவர்களது பொதுப் புழக்க இடங்களும் குறிக்கப்பட வேண்டும், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2023இல் தமிழக வரைவு வெளியானபோது, தங்கள் ஊர்களும் தொழிலிடங்களும் விடுபட்டிருப்பதாகக் கடற்கரை நெடுகிலும் மீனவர்கள் முறையிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத வலைமேட்டை நாளைக்கு ஒரு ஒப்பந்ததாரர் நடைபாதையாக்கினால் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன ஆவணத்தைக் காட்டுவது?

கோவளம் மீனவருக்குக் கரை இருந்ததால்தான் கோவளத்தில் அலைச்சறுக்கு வந்தது. கரையை எடுத்துவிட்டு அலைச்சறுக்கை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. மீன்பிடித் தொழிலை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போன குடும்பத்திலிருந்து இன்னொரு மூர்த்தி வரப்போவதில்லை.

டெல்லிக்காகத் தமிழகம் காத்திருக்கவும் வேண்டாம். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் நிலம் 18ஆவது இனமாகவும் மீன்வளம் 21ஆவது இனமாகவும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. மீன்வளத் துறைக் கணக்கில் உள்ள 608 கடலோர மீனவ ஊர்களின் கரைக்கும் ஊர்வாரியாக உரிமை எழுதித் தரும் சட்டத்தைத் தமிழகச் சட்டப்பேரவை அடுத்த கூட்டத்தொடரிலேயே நிறைவேற்றலாம். மத்திய அறிவிக்கையோடு மோதும் என்று பயமுறுத்துகிற சட்ட வல்லுநர்கள் இருப்பார்கள். மோதட்டும், உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவோம். அந்தச் சட்டம் வரும்வரை தமிழகக் கடற்கரையில் புதிதாக ஒரு நீலக்கொடியும் ஏறக் கூடாது. ஏறிய கொடிகளுக்கும், ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பிக்கும்போது அந்தந்த ஊர் கூடிச் சம்மதம் தர வேண்டும். கோவளத்திலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.