மோட்டார் காயில் எரியும் முன்பே தெர்மல் கேமரா காட்டிக்கொடுக்குமா?

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சுற்று வட்டார விவசாயிகளுக்கு மோட்டார், ஸ்டார்ட்டர், போர்டு வேலை பார்ப்பது அவருடைய தொழில். செல்போனில் மாட்டும் தெர்மல் கேமரா ஒன்றை வாங்க நினைக்கிறார். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். ‘காயில் எரிந்த பிறகுதான் விவசாயிகள் கூப்பிடுகிறார்கள். பயிர் காய்கிற நேரத்தில் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டி மாட்டுவதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடுகிறது. இந்தக் கேமரா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? எதைப் பார்த்து வாங்குவது?’ என்பது அவருடைய கேள்வி.

முடியும். ஆனால், மோட்டாருக்குள் நடப்பதை அல்ல, போர்டுக்குள் நடப்பதைத்தான் இந்தக் கேமரா நன்றாகச் சொல்லும். வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசம் மனதில் பதிய வேண்டும்.

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதிர்களை வாங்கி, சூட்டை நிறமாக மாற்றிக் காட்டுவதுதான் தெர்மல் கேமரா. அது பார்ப்பது பொருளின் மேல்தோலை மட்டுமே. சுவரைத் துளைத்துப் பார்க்காது. கண்ணாடியையும் தாண்டாது. போர்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பிடித்தால் கண்ணாடியின் சூடுதான் வரும். போர்வெல்லுக்குள் பல நூறு அடி ஆழத்தில் தண்ணீரில் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பற்றி இந்தக் கேமரா ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்கு மெக்கரும் டாங் டெஸ்டரும்தான். மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டாரிலும், வெளி உடம்பைவிட உள்ளே இருக்கும் காயில் எப்போதும் கூடுதல் சூட்டில்தான் இருக்கும். கை வைக்க முடியாத 60 டிகிரி என்பது கோடையில் நல்ல மோட்டாருக்கும் சாதாரணமாக வரக்கூடிய சூடு. ஆகவே ஒரே ஒரு அளவைப் பார்த்து ‘காயில் போகப்போகிறது’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

போர்டில் கதை வேறு. கிணற்று மோட்டார்களில் காயில் எரிவதற்குப் பெரிய காரணம், ஒரு ஃபேஸ் விட்டுப்போவதோ, பலவீனமாக வருவதோதான். லைனிலேயே ஃபேஸ் போவது ஒரு வகை. போர்டிலேயே போவது இன்னொரு வகை. கிட்கேட் ஃபியூஸின் பிடி தளர்ந்திருக்கும், கான்டாக்டரின் பாயின்ட் கருகியிருக்கும், லக்கைச் சரியாக அழுத்தாமல் திருகியிருப்பார்கள், அலுமினிய ஒயரைச் செம்பு லக்கில் அப்படியே செருகியிருப்பார்கள். இப்படிப் பிடிப்பு இல்லாத இடத்தில் மின்தடை கூடி, சூடு ஏறும். மோட்டாரை நிறுத்தினால் ஆறும், போட்டால் ஏறும். விரிந்தும் சுருங்கியும் திருகு இன்னும் தளரும். இது ஒரு நாளில் வருவதல்ல. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நடந்து, ஒருநாள் அந்த ஃபேஸ் அறவே விட்டுப்போகும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மற்ற இரண்டு ஃபேஸிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்டை இழுக்கும். சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் அது கிட்டத்தட்ட 3 மடங்காகிவிடும். ரிலே வேலை செய்யவில்லை என்றால் காயில் கருகும். அந்த வாரக்கணக்கான இடைவெளியில்தான் கேமராவுக்கு வேலை.

பார்க்கும் முறை எளிது. மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன, எனவே மூன்றும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். ஒரு திருகில் மட்டும் சூடு அதிகமாக இருந்து, ஒயரில் தள்ளிப் போகப் போகக் குறைந்தால் அந்தத் திருகின் பிடிப்பில் கோளாறு. ஒயர் முழு நீளத்துக்கும் ஒரே சூடாக இருந்தால் திருகில் பழுதில்லை. அந்த ஃபேஸில் கரண்ட் அதிகம் ஓடுகிறது, அல்லது ஒயர் மெல்லியது. உடனே டாங் டெஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஃபேஸ் சூடாகவும் ஒன்று மட்டும் குளிர்ந்தும் இருந்தால், பழுது அந்தக் குளிர்ந்த ஃபேஸில்தான். அதில் கரண்டே ஓடவில்லை. சிவப்பாகத் தெரிவதை மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் கவலைப்படுவது? நேட்டா என்ற அமெரிக்க மின் சோதனைச் சங்கத்தின் அளவுகோலைப் பலரும் பின்பற்றுகிறார்கள். ஒரே வேலை செய்யும் இரண்டு பாகங்களுக்கு இடையே 1 முதல் 3 டிகிரி வரை என்றால் சந்தேகம், கவனித்து வரலாம். 4 முதல் 15 என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், வசதிப்பட்ட நாளில் சரிசெய்ய வேண்டும். 15-க்கு மேல் போனால் உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். இது மூன்று ஃபேஸிலும் சம கரண்ட் ஓடும்போது மட்டுமே பொருந்தும். கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுகிற இடங்களில் மூன்று ஒயரிலும் கரண்ட் ஒன்றுபோல் இருக்காது. அங்கே ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கெல்லாம் செல்லாது. மோட்டாரின் ஆயுளைத் தின்பதும் பெரும்பாலும் அந்தக் கண்டன்சர் ஓட்டம்தான். கேமரா இல்லாமலே அதைச் சொல்லிவிடலாம்.

மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது, ஓடத் தொடங்கி அரை மணி நேரமாவது ஆன பிறகு பார்க்க வேண்டும். கரண்ட் பாதியாக இருந்தால் சூடு கால் பங்குதான் தெரியும். முழு லோடில் 16 டிகிரி காட்ட வேண்டிய திருகு அப்போது 4 டிகிரி காட்டித் தப்பிவிடும். வெளியில் மாட்டிய போர்டில் வெயில் ஏறியிருந்தாலும் படம் கெட்டுவிடும், பலத்த காற்றும் சூட்டை மறைக்கும். பொழுது சாய்ந்த பிறகோ, இரவு மும்முனை கரண்ட் வரும் நேரத்திலோ பார்ப்பது நல்லது. கதவைத் திறந்து, 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் போர்டின் முன் நிற்கும் வேலை இது. உரிமம் பெற்ற, பழகிய கைகள்தான் செய்ய வேண்டும். ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேமராவை வாங்கிக்கொண்டு விவசாயி இறங்கக் கூடாது.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளபளக்கும் செம்பு, அலுமினியம், ஸ்டீல் ஆகியவை தம் சூட்டைச் சரியாக வெளியே விடாது. கண்ணாடிபோல எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். 90 டிகிரியில் இருக்கும் புது லக், கேமராவில் 40 என்று காட்டலாம். சில நேரம் பார்ப்பவரின் உடம்புச் சூடே அதில் விழுந்து பழுதுபோலத் தெரியும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். சூடான புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. நின்ற இடத்திலேயே நின்றால் நிஜம். சரியான அளவு வேண்டுமென்றால், மெயினை நிறுத்தி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, லக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறிதாக ஒட்டிவிட்டு, மறுபடி ஓட்டி அந்த டேப்பின் மேல் பார்க்கலாம். கேமராவில் எமிசிவிட்டி அளவை 0.95 என்று வைத்தால் போதும். ஒயரின் பிளாஸ்டிக் உறையிலும் ஏறத்தாழ இதே அளவு சரியாக வரும்.

நிறமும் ஏமாற்றும். பெரும்பாலான கேமராக்கள் படத்தில் உள்ள மிகக் குறைந்த சூட்டை நீலமாகவும் மிக அதிகமானதைச் சிவப்பாகவும் தாமாகவே மாற்றிக்கொள்ளும். மூன்று திருகுக்கும் இடையே 2 டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் ஒன்று தீப்பற்றியதுபோலத் தெரியும். அந்தப் படத்தை விவசாயியிடம் காட்டிப் புது ஸ்டார்ட்டர் விற்றுவிடவும் முடியும். தொழிலில் பெயர் எடுக்க நினைப்பவர் நிறத்தைக் காட்டாமல் மூன்று ஃபேஸின் டிகிரியையும் எழுதிக் கொடுக்க வேண்டும், பக்கத்திலேயே டாங் டெஸ்டரில் வந்த ஆம்பியரையும் எழுத வேண்டும். அடுத்த முறை வரும்போது ஒப்பிட அந்தத் தாள்தான் உதவும்.

இனி, வாங்குவது. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. அது பெரும்பாலும் திரையின் எண்ணாகவோ, மென்பொருள் பெருக்கிக் காட்டும் எண்ணாகவோ இருக்கும். உள்ளே இருக்கும் சென்சாரின் எண் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 80×60 என்றால் 4,800 புள்ளிகள், 160×120 என்றால் 19,200, 256×192 என்றால் 49,152. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலத்தைப் பார்க்கும் லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 80 புள்ளிக் கேமராவில் ஒரு புள்ளி 12.5 மில்லிமீட்டர் இடத்தைப் பார்க்கும். நம்பகமான அளவுக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகள் தேவை. அப்படியென்றால் 8 மில்லிமீட்டர் திருகை அளக்க, 80 புள்ளிக் கேமராவை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். 160 என்றால் சுமார் 40 சென்டிமீட்டரில் பிடிக்கலாம், 256 என்றால் இரண்டு அடிக்கும் சற்றுத் தள்ளி நிற்கலாம். கரண்ட் ஓடும் போர்டுக்குள் கையை 20 சென்டிமீட்டர் வரை நீட்டுவது விளையாட்டல்ல. புள்ளிகள் கூடினால் படம் அழகாக வரும் என்பதைவிட, உயிருக்குப் பாதுகாப்பு கூடும் என்பதே முக்கியம். போர்டு வேலைக்கு 160-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். பணம் இருந்தால் 256.

ஒரு மூலையில் எழுதியிருக்கும் ‘±2 டிகிரி’யைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இந்த வகைக் கேமராக்களில் அது வழக்கமானது, மூன்று ஃபேஸை ஒப்பிடும்போது பெரிதாகக் குறுக்கிடாது. 150 டிகிரிக்கு மேலும் அளக்குமா, எமிசிவிட்டியை மாற்ற வழி இருக்கிறதா, படத்தோடு வெப்ப அளவும் சேர்ந்து பதிவாகுமா என்று பார்க்க வேண்டும். செல்போனில் மாட்டும் வகையில் இன்னொரு சங்கடம் உண்டு. போனை மாற்றினால் பின் பொருந்தாமல் போகலாம், நிறுவனம் ஆப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் நல்ல கேமராவும் பயனில்லாமல் கிடக்கும். எண்ணெய்க் கையோடு வேலை பார்ப்பவருக்குத் தனியாகக் கையில் பிடிக்கும் கேமராவே வசதி.

ஆத்தூர் வாசகரிடம் நல்ல டாங் டெஸ்டரும் மெக்கரும் ஏற்கெனவே இல்லையென்றால் முதலில் அவற்றை வாங்கட்டும். இரண்டும் இருந்து, ஆண்டுக்கு இரண்டு முறை போர்டைப் பார்த்துக் கொடுக்க ஐம்பது அறுபது விவசாயிகள் சம்மதித்தால் கடன் வாங்கலாம். சப்மெர்சிபிள் மட்டுமே உள்ள வட்டாரம் என்றாலும் போர்டும் கேபிள் இணைப்பும் மேலேதானே இருக்கின்றன. அரிசி ஆலை, செக்கு வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டால் பேரிங், பெல்ட் சூட்டையும் பார்த்துக் கொடுக்கலாம். பேரிங்கில் கிரீஸை அடைத்து வைத்தாலும் சூடு ஏறும் என்பது நினைவில் இருக்கட்டும். சொந்தமாக ஒரே ஒரு மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இது வேண்டாத செலவு. அந்தப் பணத்தில் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் சரியான ஓவர்லோடு ரிலேயும் போட்டுக்கொள்ளட்டும்.

இதே கேமராவால் மாட்டின் மடிநோயைக் கண்டுபிடிக்கலாமா என்று நாமக்கல்லிலிருந்து ஒரு பால் பண்ணையாளர் கேட்டிருக்கிறார். வீங்கிச் சிவந்த மடியைக் கையால் தொட்டாலே தெரியும். வெளியே தெரியாத மடிநோயில் சூட்டு வித்தியாசம் மிகக் குறைவு. மடி ஈரமாக இருந்தாலோ, சாணி ஒட்டியிருந்தாலோ, மாடு வெயிலில் நின்றிருந்தாலோ படம் தவறிவிடும். நிழலில், கறப்பதற்கு முன், துடைத்து உலர்ந்த மடியில் நான்கு காம்புப் பகுதிகளையும் ஒப்பிட்டுச் சந்தேகப்படலாம், அவ்வளவே. நான்கு குழித் தட்டில் பாலையும் கரைசலையும் சம அளவு கலந்து, கூழாகிறதா என்று பார்க்கும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை செலவு குறைந்தது. நம்பகமும் கூட. எந்தக் காம்பு கூழானதோ, அதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நெல் மூட்டை அடுக்கில் சூடு ஏறுவதைப் பார்க்கலாமா என்பது இன்னொரு கேள்வி. வெளி மூட்டையில் சூடான திட்டு தெரிந்தால் உள்ளே பூச்சியோ ஈரமோ இருக்கலாம். ஆனால், நெல் சூட்டை எளிதில் கடத்தாது. அடுக்கின் நடுவில் கொதித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நீளமான கம்பித் தெர்மாமீட்டரை உள்ளே செருகிப் பார்ப்பதும், ஈரப்பதம் 14 சதவிகிதத்தைத் தாண்டாமல் அடுக்குவதும்தான் வழி. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குடோனுக்கோ மோட்டாருக்கோ போக வேண்டாம். பெரும்பாலானவை ஏறக்குறைய 32 முதல் 43 டிகிரி வரைதான் காட்டும்.