வீட்டுக் கேக்கும் கடைக் கிரீமும்

பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் பெண்கள் பெருகி வருகிறார்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் இதில் உண்டு. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் "வீட்டில் செய்தது" என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர்களுக்குச் சில கேள்விகள் கேட்கும் உரிமை உண்டல்லவா?

உள்ளங்கை அளவில் இரண்டு சாக்லேட் கேக்குகள், நடுவே வெள்ளைக் கிரீம். குழந்தைகள் விரும்பித் தின்னும் இந்தப் பண்டத்துக்கு அமெரிக்காவில் 'வூப்பி பை' என்று பெயர். பென்சில்வேனியா, மெய்ன் ஆகிய இரு மாநிலங்களும் அதற்குச் சொந்தம் கொண்டாடுகின்றன. மெய்ன் மாநிலம் 2011-ல் சட்டமே இயற்றி அதைத் தன் அதிகாரபூர்வத் தின்பண்டமாக்கிக்கொண்டது!

பெயர்தான் அயலூர், மாவைப் பிசைவது நம் வீட்டு மோரில்தான். மோரின் புளிப்பும் சோடா உப்பும் சேரும்போது எழும் வாயு கேக்கை உப்ப வைக்கிறது. மைதா, கோகோ, சர்க்கரை, வெண்ணெய், ஒரு முட்டை சேர்த்து, கெட்டியான மாவைக் கரண்டியால் தட்டில் வைத்து, 180 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் போதும், அச்சு வேண்டாம். முட்டை ஆகாதென்பவர்களுக்கு, முட்டையில்லாத கேக் எப்படி இருக்கும் என்பதை ஹாசன் பக்கத்து ஐயங்கார் பேக்கரிகள் இந்த நகருக்கு எப்போதோ காட்டிவிட்டன.

தகராறு நடுவில் இருக்கும் கிரீமில்தான். கடையில் பெட்டியாகக் கிடைக்கும் 'விப்பிங் கிரீம்' பலவற்றில் பாலாடை கிடையாது. பனை விதை எண்ணெயைக் கெட்டியாக்கி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தது. 'காம்பவுண்ட்' சாக்லேட்டிலும் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பே. உணவுப் பொருள்களின் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்லதே. ஆனால் முழுதாகக் கெட்டியாக்கிய எண்ணெய் அந்த விதிக்குள் அடங்கிவிட்டாலும், நிறைவுற்ற கொழுப்பு அதில் அப்படியே இருக்கிறது. இவ்விரண்டையும் வாங்கி வந்து வீட்டில் அடுக்கினால், கேக் வீட்டுடையது, உள்ளே இருப்பது தொழிற்சாலையுடையது.

செய்கிறவர்கள் சொல்லும் காரணம் நியாயமற்றதல்ல. வெண்ணெய் விலை அதிகம்; ஏப்ரல் வெயிலில் உருகி வழிந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. பாலில் சிறிது மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆற விட்டு, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்தால் வெண்ணெய் குறைவாகவே பிடிக்கும், இனிப்பும் திகட்டாது. கேக் முழுதும் ஆறிய பிறகே வைக்க வேண்டும். அளவைச் சிறிதாக்கி, குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றே விற்றுவிடலாம். வெண்ணெயும் கொழுப்புதான் என்பதால், சிறிய அளவு தின்பவருக்கும் நல்லது.

முடியாதவர்கள் தாவரக் கொழுப்பையே வைக்கட்டும்; அதைப் பெட்டியின் மேல் எழுதிவிடட்டும். வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணோடு, சேர்த்த பொருள்களையும் நல்ல தமிழிலோ கன்னடத்திலோ நாலு வரி எழுதுவதில் என்ன சிரமம்? வெண்ணெய் வைத்தவர் அதற்காக ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால், வாங்குகிறவர்களும் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.